நிற்கும் வண்டியில் ஒரு கோழி

மாலை ஆறு மணி. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து, வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் பினாங்குப் பாலத்தின் மேல் ஏறுகிற வேளை. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அது. சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரத்துக்குள் அக்கரை சேர்ந்துவிடலாம். இப்போதோ கடலுக்கு மேல் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக அசையாமல் நிற்கின்றன.

அந்த வரிசையில் ஒரு காரை மட்டும் கற்பனை செய்துகொள்வோம். ஆயர் ஈத்தாமில் பல வருஷம் வாழ்ந்த ஓர் அம்மா, ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்ச் சேர்கிறார். மருமகன் காரோட்டுகிறார். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் முதல் நாளே லோரியில் போய்விட்டது. கோழிகளை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. காய்கறி வரும் பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றோடொன்று கவிழ்த்துக் கட்டி, கம்பத்துக் கோழிகள், அதாவது கிராமத்து நாட்டுக்கோழிகள், ஆறையும் உள்ளே விட்டு, காரின் பின்பெட்டியில் வைத்து மூடியாயிற்று.

“சத்தமே காணோமே மாப்பிள்ளை.”

“இருட்டா இருக்குல்ல அத்தை, தூங்குதுங்க போல.”

அவை தூங்கவில்லை. கழுத்தை நீட்டி, அலகைப் பிளந்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் மூச்சிரைத்துக்கொண்டிருக்கின்றன. ஜொகூருக்கு இன்னும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் இந்தக் கோழிகளின் உயிருக்கு ஆபத்து அந்த 700 கிலோமீட்டரில் இருப்பதைவிட, இப்போது நகராமல் கிடக்கும் இந்த அரைமணி நேரத்தில்தான் அதிகம். தூரம்தான் கோழியைக் கொல்லும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஓடும் வண்டியில் காற்று ஓடுகிறது. வண்டி நின்றால் காற்றும் நிற்கிறது.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கோழி சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஏறத்தாழ 10 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. ஆறு கோழி என்றால் 60 வாட். முன்பு நம் வீடுகளில் எரிந்த குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். எரிகிற பல்பைக் கைதவறித் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு மறந்திருக்காது. அப்படி ஒரு பல்பைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டோம். அதை அணைக்கும் சுவிட்சு நம்மிடம் இல்லை. பயந்து சிறகடிக்கிற கோழி இன்னும் கூடுதலாகச் சூட்டைக் கக்கும்.

கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். நமக்கு அது கடும் காய்ச்சல். அதற்கு அதுதான் ஆரோக்கியம். அந்த வெப்பம் 46, 47 டிகிரியை எட்டினால் உயிர் தங்காது. இடையில் இருப்பது ஐந்தே டிகிரி. நமக்கு இருப்பதுபோல வியர்வைச் சுரப்பிகள் கோழிக்குக் கிடையாது. உடம்பு முழுக்க இறகுப் போர்வை. இறகில்லாத கொண்டை, தாடி, கால் வழியாகக் கொஞ்சம் சூட்டை வெளியே தள்ளலாம். அதுவும் வெளிக்காற்று உடம்பைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான். காற்று 30 டிகிரியை ஒட்டி ஏறிவிட்டால் கோழி பெரும்பாலும் நம்பியிருப்பது மூச்சை. வாயைப் பிளந்து வேகவேகமாக மூச்சு விட்டு, தொண்டை, மூச்சுக்குழல், காற்றுப் பைகள் ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கி அனுப்புகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கோழி தன் 10 வாட் முழுவதையும் இந்த வழியிலேயே தள்ள வேண்டுமானால் மணிக்கு 15 கிராம் நீர் வேண்டும். ஏழு மணி நேரப் பயணத்தில் அது 100 கிராமைத் தாண்டும். இரண்டு கிலோ உடம்பில் இருபதில் ஒரு பங்கு.

தண்ணீர்கூடக் கொடுத்துவிடலாம். ஆவியை வாங்கிக்கொள்ள இடம் வேண்டுமே, அங்கேதான் பினாங்கின் காற்று குறுக்கே நிற்கிறது.

ஒரு கன மீட்டர் காற்று 32 டிகிரியில் ஏறத்தாழ 34 கிராம் நீராவியைத்தான் தாங்கும். தீவின் பிற்பகலில் ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதில் 25 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கோழி வெளியே விடும் மூச்சு 40 டிகிரிச் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது என்று கொள்வோம். அதில் ஒரு கன மீட்டருக்கு 51 கிராம் நீராவி இருக்கும். ஆக, 25 கிராமோடு உள்ளே போன காற்று 51 கிராமோடு வெளியே வருகிறது. கன மீட்டருக்கு 26 கிராம் ஈரம் வெளியேறியது. அதனோடு வெப்பமும் போயிற்று. தமிழ்நாட்டின் நாமக்கல்லில் சித்திரை வெயிலில் காற்று 38 டிகிரியில் கொதித்தாலும் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் அதில் 14 கிராம் நீராவிதான். அங்கே ஒவ்வொரு கன மீட்டர் மூச்சும் 37 கிராமைச் சுமந்து போகும். நாமக்கல் கோழி வெந்துபோகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதன் மூச்சுக்கு அங்கே வேலை செய்ய முடிகிறது. வெயிலே படாத நிழலில், வெறும் 32 டிகிரியில் பினாங்குக் கோழி இளைப்பதைப் பார்த்து “இது என்ன வெயில்” என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இனி மூடிய பின்பெட்டிக்கு வருவோம். அதன் கொள்ளளவு 400 லிட்டர் என்று வையுங்கள். அந்தக் காற்று முழுக்க நிறைவதற்கு இன்னும் மூன்றரை கிராம் நீராவி போதும். ஆறு கோழியும் சேர்ந்து மணிக்கு 90 கிராம் விடுகின்றன. காற்று வெளியே போக வழியே இல்லையென்றால், மூன்று நிமிடத்துக்குள் பெட்டி நிறைந்துவிடும். கோழிகள் அதில் பாதி வேகத்தில் ஆவி விட்டால்கூட ஐந்து நிமிடம். அதன்பின் ஒரு மூச்சு சுமந்து போவது 26 கிராம் அல்ல, 17. அதற்குள் அந்த 60 வாட் பல்பும் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளே 38 டிகிரி ஆகி, காற்றும் நிறைந்து நின்றால், கன மீட்டருக்கு ஐந்து கிராம்தான் மிச்சம். கோழி இன்னும் வேகமாக மூச்சு விடும். மார்புத் தசைகள் வேலை செய்வதால் சூடு இன்னும் கூடும். உதவிக்குச் செய்வதே உபத்திரவமாகிற கட்டம் இது.

மூச்சிரைப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. வேகமாக மூச்சு விடும்போது ஈரத்தோடு கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. முட்டை ஓட்டைக் கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டும் இந்தக் கரியமில வாயுக் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். வெக்கை நாட்களில் கோழிகள் மெல்லிய ஓட்டோடு முட்டையிடுவது இதனால்தான். நெடும்பயணம் முடிந்த கோழி சில நாள் முட்டையிடாமல் இருந்தாலோ, தோல்முட்டை இட்டாலோ அதைக் குறை சொல்லக்கூடாது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, இந்த ஈரக் காற்று கோழிக்கு அந்நியமே அல்ல என்பதுதான். இதுதான் அதன் தாய்வீடு. வீட்டுக்கோழியின் முன்னோடி செங்காட்டுக்கோழி. 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் கிளையினத்திலிருந்துதான் வீட்டுக்கோழி பெரும்பாலும் வந்தது என்று காட்டியது. அதே கிளையினம் மலாய்த் தீபகற்பக் காடுகளிலும் திரிகிறது. இன்றுவரை உறுதியாகக் கிடைத்தவற்றுள் மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்திலிருந்து வந்தவை, காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையே என்று 2022-இல் மதிப்பிட்டார்கள். அங்கிருந்து தோணியிலும் கட்டுவண்டியிலும் மனிதன் கோழியை உலகம் முழுக்கக் கொண்டுபோனான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிக்கும் அதில் பங்கு உண்டு. உலகெங்கும் கோழிகளின் தோலில் காணும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு அதனிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். தாய்லாந்துக் காட்டிலிருந்து கிளம்பிய பறவை நம் காட்டுப் பறவையோடு கலந்திருக்கிறது என்றால், அதற்கு முன் ஒரு நெடும்பயணம் நடந்திருக்க வேண்டும். கோழி பழைய பயணி.

காட்டில் இதே ஈரத்தில், இதே வெப்பத்தில் வாழும் பறவை எப்படிப் பிழைக்கிறது? நண்பகலில் புதருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. மண்ணைக் கிளறிக் குளிர்ந்த அடிமண்ணில் வயிற்றைப் புதைக்கிறது. காற்றடிக்கும் பக்கம் நகர்கிறது. அதற்குக் கால் இருக்கிறது, போவதற்கு இடமும் இருக்கிறது. கூடைக்குள் வைத்த கணமே நாம் அதனிடமிருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். நிழலும் காற்றும் தேடிப் போகும் வேலை அப்போதிலிருந்து நம்முடையது. கோழியைக் கொண்டுபோகிறவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு நிமிடமும் ஓய்வு இல்லை.

பெரிய அளவில் கோழி ஏற்றுகிறவர்கள் இந்தக் காற்றை ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்கு உயிர்க்கோழி லோரி லோரியாகப் போகிறது. 2022 ஜூன் முதல் தேதி மலேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, மாதம் 36 லட்சம் கோழிகள் என்ற கணக்கு செய்திகளில் வந்தது. அந்த நாட்களில் சிங்கப்பூர்க் கடைகளில் கோழிச்சோறு என்னாகும் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தக் கோழிகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்று பேசியவர்கள் குறைவு.

பிரிட்டனில் மால்கம் மிச்செல், பீட்டர் கெட்டில்வெல் என்ற இருவர் 1990-களில் கோழி லோரிகளுக்குள் வெப்பமும் ஈரமும் அளக்கும் கருவிகளைப் பொருத்தி நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடும் லோரியில் காற்று முன்னாலிருந்து பின்னால் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது நேர்மாறு. வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, முன்பக்கச் சுவரை அடுத்த பகுதியில் அழுத்தம் குறைகிறது. காற்று பின்பக்கம் நுழைந்து, கோழிகளைக் கடந்து, வண்டி போகும் திசையிலேயே முன்னால் நகர்கிறது. வழியில் ஒவ்வொரு கூடையின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டே வருவதால், முன்பக்கத்து நடுக்கூடைகளுக்கு வந்து சேர்வது மற்றக் கோழிகள் விட்ட மூச்சு. கோழிகள் அதிகம் துன்பப்படுவதும் சாவதும் அந்த இடத்தில்தான். வெப்பத்தை மட்டும் அளந்தால் போதாது, ஈரத்தையும் சேர்த்து ஒரே அளவாகக் கணக்கிட வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். பிக்கப் வண்டியில் கூடை ஏற்றுகிற பலரும் ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டித்தான் வைக்கிறார்கள். மழைக்கும் எதிர்காற்றுக்கும் அது மறைவான இடம் என்பது அவர்கள் எண்ணம். மறைவுதான் இங்கே வினை. சுவரிலிருந்து தள்ளி, கூடைக்கும் கூடைக்கும் இடையே கையகலமாவது இடைவெளி விட்டு வைத்தால் எல்லாக் கோழிக்கும் புதுக்காற்று கிடைக்கும்.

நம் அத்தையின் ஆறு கோழிகளுக்கு இவ்வளவு சிக்கல் வேண்டாம். அவற்றின் இடம் பின்பெட்டி அல்ல, பின்சீட்டு. கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தைப் போட்டுவிடலாம். நின்ற காரின் அடியில் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம் அது. அதில் கோழி விட்ட மூச்சும் இருக்கும். குளிர்சாதனம் வெப்பத்தை மட்டும் குறைப்பதில்லை, ஆவி போய்ச் சேர இடமும் செய்து தருகிறது. குளிர்காற்று நேராகக் கூடையில் அடிக்காமல் திருப்பிவிட்டால் போதும். வாடை வரும், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பினாங்குத் தீவிலிருந்து கார் வெளியேற இன்று இருப்பவை இரண்டு பாலங்கள். 1985 செப்டம்பரில் திறந்த பழைய பாலம், 2014 மார்ச்சில் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். ஒரு காலத்தில் காரோடு ஃபெர்ரியில் ஏறி, கடற்காற்று வாங்கிக்கொண்டு பட்டர்வொர்த் போக முடிந்தது. 2023-இல் வந்த புதுக் கப்பல்களில் ஆளும் இருசக்கர வண்டியும் மட்டுமே ஏறுகின்றன. எனவே நெரிசலைத் தவிர்க்க நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பினால் பாலம் காலி. தீவில் காற்று 25 டிகிரியை ஒட்டி இறங்கியிருக்கும். இரவில் ஈரப்பதம் கூடத்தான் செய்யும். ஆனால் உடம்புக்கும் காற்றுக்கும் இடையே 16 டிகிரி வித்தியாசம் கிடைப்பதால், கொண்டையும் காலும் தாமாகவே சூட்டை வெளியே விடும். மூச்சிரைக்கத் தேவையே வராது. அதோடு அது கோழி அடையும் நேரம். இருட்டில் கோழி பெரும்பாலும் அசையாது. பகலில் மூன்று பேர் துரத்திப் பிடிக்க வேண்டிய சேவலை, இரவில் கூட்டிலிருந்து பூவை எடுப்பதுபோல எடுத்துவிடலாம். பெருநாள் வாரம், தீபாவளி, தைப்பூச நெருக்கம் ஆகியவற்றில் இரவும் உதவாது. கோழி பத்து நாள் காத்திருக்கும்.

பிடிக்கிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரிலும் மலேசியாவிலும் கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தொங்கும் கோழி சத்தம் போடுவதில்லை, அதனால் அதற்கு வலியில்லை என்று நம்பிவிட்டோம். கோழிக்கு நமக்கிருப்பதுபோல நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் கிடையாது. தலைகீழானால் குடலும் கல்லீரலும் நேராகக் காற்றுப் பைகளின் மேல் சரிகின்றன. தலைகீழாகப் பிடித்த கோழிகளின் இரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்தச் சுரப்பு, நிமிர்த்திப் பிடித்தவற்றைவிட அதிகமாக ஏறுவதை 1996-இல் அளந்து காட்டினார்கள். அசையாமல் இருப்பதற்கும் அமைதிக்கும் தொடர்பில்லை. கோழியைப் படுக்க வைத்து அழுத்திப் பிடித்தால் அது உறைந்துபோகும் என்பதை 1646-லேயே ரோமில் அத்தனேசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் எழுதி வைத்தார். இன்று விஞ்ஞானிகள் அந்த உறைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையே அச்சத்தின் அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்து, கால்களை விரல்களுக்கிடையே பற்றித் தூக்க வேண்டும். மார்பை நெருக்கக் கூடாது. கோழி மூச்சு விடுவதே மார்பெலும்பு மேலும் கீழும் அசைவதால்தான். பிள்ளைகள் பாசத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்ட கோழிக்குஞ்சு மூச்சடைத்துச் சாவது இப்படித்தான்.

கூடைக்குத் தரை முக்கியம். பிளாஸ்டிக்கின் மேல் வெறும் நாளிதழ் விரித்தால் வளைவுக்கு வளைவு கோழி வழுக்கும், கால் பிசகும். பழைய சாக்கோ மரச்சீவலோ போட்டால் நகங்கள் பிடித்துக்கொள்ளும். கோழி நிற்கும் உயரம் இருக்கட்டும், பறக்கும் உயரம் வேண்டாம். எல்லாம் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தலை நிமிர இடமிருக்க வேண்டும். அதற்கு மேல் இடம் கொடுத்தால் பிரேக் போடும்போது ஒன்றின் மேல் ஒன்று சரியும். பழகிய கோழிகள் ஒன்றாக, சேவல் தனியாக. மேலே கறுப்புத் துணி, பக்கங்கள் திறந்தபடி. பிரம்புக் கூடையில் பிடிமானமும் காற்றும் இயல்பாகவே அமைந்திருந்தன. பஞ்சாரம் முடைந்தவர்களுக்குக் காற்று எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடலாம். தீனி செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். நிறைந்த தீவனப்பையோடு குலுங்கும் கோழி கக்கவும் செய்யும். தண்ணீரை மட்டும் கடைசி நிமிடம்வரை எடுக்கக் கூடாது. வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தாப்பாவிலோ ஆயர் குரோவிலோ ஓய்விடத்தில் நிறுத்தும்போது, கிண்ணத்தில் தண்ணீர் காட்டுங்கள். குடிக்க மறுத்தால் வெள்ளரித் துண்டையோ தர்பூசணியையோ கொத்தும். ஆனால் காரை அணைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி கூடிவிடும். ஒருவர் கோழியோடு இருக்கட்டும்.

முட்டையை விட்டு அப்போதுதான் வெளிவந்த குஞ்சுக்கு மட்டும் இந்த விதிகள் வேறு. பொரியும் முன் மஞ்சள்கருவின் மிச்சத்தை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. மூன்று நாள்வரை அந்தச் சேமிப்பில் உயிர் வாழும். அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்பி வருவது இந்த ஒரே பலத்தில்தான். குஞ்சு பயப்பட வேண்டியது குளிருக்கு. அளவில் சிறிய கோழிக்கும் அதே கதைதான். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவான செராமா, உலகின் மிகச் சிறிய கோழியினம், வளர்ந்தும் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தொடாது. 2001-இல் கடல் கடந்து லூசியானாவரை போய்ச் சேர்ந்தது. சின்ன உடம்பு எடைக்கு மிஞ்சிய பரப்போடு இருப்பதால் சூட்டை விரைவில் இழக்கும். வெக்கையில் அது தாங்கும். குளிர்சாதனக் காற்றில் நடுங்கும்.

இவ்வளவும் கோழியைக் காப்பாற்றுவதற்கு. போய்ச் சேரும் இடத்துக் கோழிகளைக் காப்பாற்றுவது வேறு வேலை, அதில் தவறியதற்கு மலேசியா கொடுத்த விலை அதிகம். 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் மாவட்டத்தில் ஒரு கம்பத்தில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தோன்றியது. எல்லைக்கு அப்பாலிருந்து திருட்டுத்தனமாக வந்த சண்டைச் சேவல்கள்மேல்தான் சந்தேகம் விழுந்தது. யாரோ ஆசையாக, கையில் அணைத்துக் கொண்டுவந்த சேவல். உடனே சிங்கப்பூர் மலேசியக் கோழிக்குக் கதவடைத்தது. 2006 பிப்ரவரியில் கோலாலம்பூரை ஒட்டிய பகுதியிலும், மார்ச்சில் பேராக், பினாங்கு மாநிலங்களிலும் நோய் மறுபடி தலைகாட்டியது. பினாங்கு மக்கள் வீட்டுக் கோழிகளைப் பறிகொடுத்த மாதம் அது. கோழி மட்டுமா? 1998-இல் ஈப்போ பக்கம் கிளம்பிய நிப்பா வைரஸ், பன்றிகளை ஏற்றிய லோரிகளோடு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. அந்த நோய் 105 மலேசியர்களின் உயிரைக் குடித்தது; பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை மனிதர்களே கொன்றழித்த பிறகுதான் அடங்கியது.

கம்பத்துக் கோழிக்குப் பழைய பகை வெள்ளைக் கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டு, அடுத்து நம் இமயமலைப் பகுதியின் ராணிக்கேத்திலும் அடையாளம் கண்ட நோய். ஊருக்கு ஒரு பெயரோடு திரிவதே அது பயணத்தில் பரவியது என்பதற்குச் சாட்சி. இதற்குத் தடுப்பூசி நெடுங்காலமாக உண்டு; குளிர்பெட்டியில் வைத்தே கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு கோழியாகப் பிடிக்க வேண்டும் என்பதால் கம்பத்துக்கு வந்து சேரவில்லை. 1980-களில் அன்றைய மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் ஐனி இடெரிஸ், லத்தீப் இப்ராஹிம் ஆகியோரும், குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்பிராட்பிரோவும் சேர்ந்து இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் கண்டெடுத்த வி4 என்ற சாதுவான வைரஸிலிருந்து, வெப்பத்தைத் தாங்கும் வகையைப் பொறுக்கியெடுத்துத் தீனியின்மேல் தெளித்தார்கள். கோழிகள் கொத்தித் தின்றன. தின்ற கோழியிடமிருந்து தின்னாத கோழிக்கும் அது தொற்றி, காப்பும் பரவியது. கம்பத்துக் கோழியை மதித்து ஒரு பல்கலைக்கழகம் இவ்வளவு உழைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

தடுப்பு மருந்து பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். பயணத்தின் அழுத்தச் சுரப்பு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கிளம்பும் நாளில் கொடுத்த மருந்தால் பெரிதாகப் பயனில்லை. மாநில எல்லையைக் கடப்பதற்கு முன் கால்நடை மருத்துவத் துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். இருமல், மூக்கொழுகல், பச்சைக் கழிச்சல் உள்ள ஒரு கோழிகூட ஏறக் கூடாது. ஒன்றுக்கு இருந்தால் அன்று பயணமே இல்லை.

இனி நம் அத்தையையும் மாப்பிள்ளையையும் மறுபடி கிளப்புவோம். இரவு பத்தரை மணி. கூடைகள் பின்சீட்டில். பாலத்தில் பத்து நிமிடம்தான். மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போ, தாப்பா, கோலாலம்பூர், ஆயர் குரோ. அத்தை அவ்வப்போது துணியை விலக்கிப் பார்க்கிறார். கொண்டை சிவப்பாக இருந்தால் சரி. கருநீலம் பூத்தால் வண்டியை நிறுத்தி, கால்களை ஈரத்துணியால் துடைத்து விசிற வேண்டும். கொண்டைகள் சிவப்பாகவே இருக்கின்றன.

கோழி கூப்பிடும் நேரத்தில் மகள் வீடு. அங்கேயும் நான்கு கோழிகள் உண்டு. அவற்றோடு இவற்றை உடனே விடக் கூடாது. மூன்று வாரமாவது தனிக்கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். இவற்றுக்குத் தீனி வைத்த செருப்போடு அங்கே போகக் கூடாது. முதலில் தண்ணீர், அரைமணி கழித்துத் தீனி. சேர்த்துவிடும் நாளில் கொத்திக்கொள்ளத்தான் செய்யும். கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர் என்ற வரிசை உண்டு என்று 1921-இல் நார்வேக்காரர் ஷெல்டெரூப் எபே எழுதினார். அந்த வரிசையைப் புதிதாக எழுதிக்கொள்ள அவற்றுக்குச் சில நாள் வேண்டும்.

அந்த மூன்று வாரமும் கோழிகள் கூண்டிலேயே தூங்கி எழும். பிறகு ஒரு நாள் மாலை, அடையும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகக் கதவைத் திறந்துவிடுங்கள். புது மண்ணைக் கிளறும், வேலியோரம்வரை போய்ப் பார்க்கும். வெளிச்சம் மங்கியதும், யாரும் துரத்தாமலே, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதே கம்பின் மேல் ஏறி உட்காரும்.